மாத்திரைக்குக் கிடா சம்மதிக்கவில்லை

அரியூர் நாடு,
கொல்லிமலை.
13.8.2001

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

கௌசிகா கும்பிட்டு எழுதுவது. சென்னையில் நீங்களும் அத்தையும், ஆராய்ச்சிக் கூடத்தில் நீங்கள் தீனி வைக்கும் வெள்ளைச் சுண்டெலிகளும் சுகமென்று நம்புகிறேன். இங்கே அம்மாவும் நானும் சுகம். மிளகுக்கொடி சுகம். அப்பா எங்கள் எல்லாரையும்விடச் சுகம். அதுதான் மாமா, எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் போன கடிதம் எனக்கு மனப்பாடம். காசநோய்க் கிருமி ஏற்றிய எலிக்கு ஒரே மருந்தைக் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிக்கொள்கிறது, பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் ஒன்றுக்குத் தப்பியது இன்னொன்றில் சாகிறது என்று எழுதியிருந்தீர்கள். பாதியில் மருந்தை நிறுத்திய எலிகள் கொழுகொழுவென்று திரிந்தன, சில மாதம் கழித்துப் பார்த்தால் நுரையீரலில் கிருமி மறுபடி பெருகியிருந்தது என்றும் எழுதியிருந்தீர்கள். அப்பா இப்போது அச்சாக அந்த எலிதான். இருமல் நின்றுவிட்டது. மரவள்ளிக்கிழங்கு மூட்டையைத் தானே தூக்குகிறார். நேற்று இரண்டாம் தடவை களி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், நான் என் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். "ஏன் கண்ணு, அப்பன் திங்கறதப் பாத்தா அழுவாச்சி வருதா?" என்று சிரிக்கிறார். அவர் மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் ஆகிறது.

கோபித்துக்கொள்ளாதீர்கள், நிறுத்தியதற்குக் காரணம் உங்கள் கடிதம்தான். அப்பா வாசிக்கச் சொன்னார், வாசித்தேன். மனிதருக்கு முன்னால் விலங்குக்குக் கொடுத்துப் பார்க்கிறோம் என்ற வரி வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, அந்த எலிகள் சம்மதம் சொல்லிச்சா என்று கேட்டார். எலியிடம் யாரும் சம்மதம் கேட்க மாட்டார்கள் என்றேன். அவ்வளவுதான். கருப்பனாருக்கு நேர்ந்துவிட்ட கிடாவையே தண்ணீர் தெளித்து, அது உடம்பைச் சிலிர்த்து உதறிச் சம்மதம் சொன்ன பிறகுதானே வெட்டுகிறோம், உதறாவிட்டால் பூசாரி வெயிலில் காத்துக்கொண்டுதானே நிற்கிறார், வாயில்லாத உயிரைக் கேட்காமல் கண்டுபிடித்த மருந்து என் உடம்பில் எப்படித் தங்கும் என்கிறார். மாத்திரை தின்ற புதிதில் மூத்திரம் சிவப்பாகப் போனதே, அது அந்த எலிகளின் மனத்தாங்கலாம். அது மருந்தின் நிறம் என்று நர்ஸ் ராதிகா அக்கா அப்போதே சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று.

ராதிகா அக்கா வாரத்துக்கு மூன்று நாள் செம்மேட்டிலிருந்து பஸ்ஸில் வந்து, அப்பா கண்முன்னால் விழுங்குகிறாரா என்று பார்த்துவிட்டுப் போவார். இப்போது அவர் வந்ததும் அப்பா எங்கள் ஊட்டுக் கிடாவை இழுத்து வந்து, மாத்திரைகளை இலையில் வைத்து அதன் முன்னால் போட்டு, முதுகில் தண்ணீர் தெளிக்கிறார். அது அசையாமல் நின்று அக்காவையே பார்க்கிறது. குடத்தைக் கவிழ்த்தும் பார்த்தாயிற்று. தண்ணீர் பழகிப்போய்விட்டது மாமா. இந்த மலையில் எங்கள் கிடாவைப் போலக் குளித்த கிடா வேறு கிடையாது. அம்மா பின்னால் நின்று விளக்குமாற்றுக் குச்சியால் அதன் காதை நெருடினார். அப்பா பார்த்துவிட்டு, கள்ள ஓட்டு செல்லாது என்று சொல்லிவிட்டார்.

"ஏனுங்க, ஆடு சொன்னாத்தான் முழுங்குவீங்களா?" என்று அக்கா கேட்டார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. அது சொல்லட்டும், நான் முழுங்கிப்போடறேன்."

போகும்போது அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இப்படியே விட்டால் நோய் திரும்பி வரும், அப்போது இந்த மாத்திரைகளுக்கு அடங்காமலும் போகலாம் சாமி என்றார். அதிலிருந்து அப்பா தும்மினால்கூட ஓடிப்போய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். என் பயத்தைப் பார்த்து அப்பா எனக்குத்தான் உடம்பு சரியில்லை என்கிறார்.

ஆகவே மாமா, உடனே புறப்பட்டு வாருங்கள். லீவு கிடைக்காவிட்டால், எலிகள் சம்மதித்தன என்று ஒரு கடிதமாவது எழுதுங்கள். பொய் எழுதச் சொல்லவில்லை. நீங்கள் கூண்டு கழுவும்போது ஓர் எலியாவது நனைந்து உதறியிருக்கும் அல்லவா? அதைக் கண்ணால் பார்த்தேன் என்று மட்டும் எழுதினால் போதும்.

அத்தைக்கு என் அன்பு. கருப்பனார் உங்களையும் உங்கள் எலிகளையும் நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும்.

தங்கள் அக்காள் மகள்,
கௌசிகா

பின்குறிப்பு: மாமா, வர வேண்டாம். கடிதத்தை ஒட்டுவதற்குள் பெருமழை பிடித்துக்கொண்டது. அக்கா பஸ்ஸுக்குப் போக முடியாமல் எங்கள் ஊட்டிலேயே நின்றிருந்தார். தொப்பலாக நனைந்த கிடா உள்ளே ஓடிவந்து, கொம்பிலிருந்து வால்வரை ஒரு உதறு உதறியது. எங்கள் எல்லார் மேலும் தண்ணீர். அப்பா கையை நீட்டி மாத்திரைகளை வாங்கி அத்தனையையும் விழுங்கிவிட்டார். அம்மா கிடாவைக் கட்டிக்கொண்டு அழுதார். அதன் பிறகு அப்பா வாயைத் துடைத்துக்கொண்டு, ஒரு உதறலுக்கு ஒரு வேளைதான் கணக்கு என்கிறார். அடுத்த மாத்திரை புதன்கிழமை. வானம் இப்போதே வெளுத்துவிட்டது. எப்படியாவது வந்துவிடுங்கள் மாமா.