செல்லாத உப்பு

பயோடேட்டாவில் ஒரு பொய்யாவது எழுதாதவர்கள் இருந்தால் கை தூக்குங்கள். (தூக்கியவர்கள், 'பொழுதுபோக்கு: புத்தகம் படித்தல்' என்று எழுதினோமா என யோசித்துவிட்டு இறக்கிக்கொள்ளலாம்.) நான் எழுதிய பொய் ஒரே ஒரு வார்த்தை. யூனிக்ஸ். (விண்டோஸ் மாதிரி, கம்ப்யூட்டரை ஓட்டும் ஒரு சிஸ்டம்.) அந்த வார்த்தையால் 2006 கோடையில் மரக்காணத்து உப்பளம் இரண்டு நாள் ஆடிப்போனது.

பி.எஸ்சி. கம்ப்யூட்டர் முடித்துவிட்டு ஒரு வருடமாக வீட்டில் சும்மா இருந்த காலம். அப்பா உப்பளத்தில் கூலி. முட்டிவரை வெள்ளை பூத்த காலோடு சாயங்காலம் வந்து உட்கார்ந்து, "எதுனா லெட்டர் வந்துச்சாடா?" என்பார். இல்லை என்பேன். வேறு ஒன்றும் கேட்க மாட்டார். திட்டியிருந்தாலாவது தேவலை. அந்த 'இல்லை'யை இனியும் சொல்ல முடியாது என்ற நிலையில்தான் பாண்டிச்சேரிப் பக்கம் பொம்மையார்பாளையத்தில் லதா மேடத்தின் ஆபீசில் இண்டர்வியூ வந்தது. கட்டடங்களுக்குப் பிளான் வரைந்து கொடுக்கும் சின்ன ஆபீஸ்.

"யூனிக்ஸ் தெரியுமா?" என்று கேட்டார் மேடம்.

"நல்லாத் தெரியும் மேடம்."

('நல்லா'வை யார் சேர்க்கச் சொன்னது?)

அவர் மூலையைக் காட்டினார். வெளிநாட்டு நண்பர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போன ஒர்க்ஸ்டேஷன் என்ற பெரிய கம்ப்யூட்டர். வயது பதினைந்துக்குக் குறையாது. மானிட்டர் மட்டுமே அரிசி மூட்டை கனம். அதில் யூனிக்ஸ் வகையைச் சேர்ந்த இலவச சிஸ்டம் ஒன்றை ஏற்றி, திங்கட்கிழமை காலை ஓட்டிக் காட்டினால் வேலை எனக்கு. சிடியும் ஒரு தடிப் புத்தகமும் கொடுத்து, "இங்கயே உக்காந்து பண்ணுங்களேன்" என்றார். நான் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துத் தட்டுவதை அவர் கண்டுபிடித்துவிட்டால்? "வீட்ல வச்சி நிதானமாப் பண்ணாத்தான் சரியா வரும் மேடம்" என்றேன். அவரும் நம்பி அனுப்பிவிட்டார்.

பஸ்ஸில் கண்டக்டர் கேட்டார், "டிவியா தம்பி?"

"ஒர்க்ஸ்டேஷன்."

"எந்த ஸ்டேஷனா இருந்தாலும் லக்கேஜ் போட்டுத்தான் ஆவணும்."

வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அம்மா தெரு முழுக்க எனக்கு வேலை கிடைத்துவிட்டதாகச் சொல்லியிருந்தார். சனிக்கிழமை காலை ஸ்விட்சைப் போட்டேன். திரையில் வந்தது ஒரே வார்த்தை. ஓகே. பக்கத்தில் ஒரு கோடு கண் சிமிட்டியது. அவ்வளவுதான். அரை மணி நேரம் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அம்மா சொன்னார், "அதான் ஓகேன்னுட்டுதே, வந்து சாப்புடேன்டா."

என் தங்கை கலை, அப்போதுதான் பி.எஸ்சி. கணக்கு கடைசிப் பரீட்சை எழுதியிருந்தவள், பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். "ண்ணா, சிடியில இருந்து கிளப்ப இன்னா அடிக்கணும்னு பெட்டி மேலயே சீட்டு ஒட்டியிருக்குது பாரு."

"உனக்கு ஒண்ணும் தெரியாது, போ."

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணிக்குப் போனதும் சீட்டில் இருந்ததை அடித்தேன். கிளம்பிவிட்டது. வரி வரியாக ஓடியது. பாஸ்வேர்டு கேட்டது. இங்கிலீஷ் எழுத்தில் 'மரக்காணம்' என்று இரண்டு முறை அடித்தேன்.

"ண்ணா, கீபோர்டுல பச்சை லைட்டு எரியுது." தண்ணீரோடு திரும்பி வந்திருந்தாள்.

"எரியட்டும்."

(ஐயா, அது கேப்ஸ் லாக் விளக்கு. அந்தக் கீபோர்டில் சாவிகள் இடம் மாறி இருந்தன. நான் தெரியாமல் அதை அமுக்கிவிட்டு, பாஸ்வேர்டைப் பெரிய எழுத்தில் கொடுத்துக்கொண்டிருந்தேன்.)

மெஷினை அணைத்துப் போட்டதும் விளக்கும் அணைந்தது. 'மரக்காணம்' என்றேன். தப்பு என்றது. பத்து முறை அடித்தேன், பத்து முறையும் தப்பு. புத்தகத்தைப் புரட்டினேன். பாஸ்வேர்டுகள் எல்லாம் ஒரு ஃபைலில் இருக்குமாம். சிடி வழியாக உள்ளே போய் அதைத் திறந்தால், என் பாஸ்வேர்டு இருக்க வேண்டிய இடத்தில் என்னென்னவோ கிறுக்கல். கெட்டுப்போயிருக்கிறது என்று முடிவு செய்து, கிறுக்கலை அழித்துவிட்டுச் சுத்தமாக 'மரக்காணம்' என்று நானே எழுதி வைத்தேன். யூனிக்ஸ் தெரிந்த யாரும் இந்த இடத்தில் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

மறுபடி கிளப்பி, 'மரக்காணம்' என்று அடித்தேன். இந்த முறை புதிதாக ஒரு வரி வந்தது. இன்வேலிட் சால்ட்.

அப்பா அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார். "இன்னாடா சொல்லுது?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. "மரக்காணம்னு அடிச்சேன். உப்பு செல்லாதுன்னு சொல்லுதுப்பா."

அப்பாவின் முகம் மாறிவிட்டது. சும்மா இல்லை. அயோடின் கலக்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக் கூடாதாம், நம் உப்பை இனி யார் வாங்குவார் என்றுதான் அந்த வருடம் அளம் முழுக்கப் பேச்சு. "கவர்மெண்டுல இருந்தா சொல்லுது?" என்றார், மெதுவாக.

அந்த இடத்திலாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பெரிய துரை மாதிரி சொன்னேன், "சிஸ்டம் சொன்னா சரியாத்தான்பா இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் கூட்டம். நடுவில் ஜமால் பாய். அளத்து உப்பை லாரியில் ஏற்றி வெளியூருக்கு அனுப்புகிறவர் அவர். அவர் வாங்கவில்லை என்றால் அப்பாவுக்குக் கூலி இல்லை.

"யா அல்லா, ஏம்பா சரவணா, எங்க, இன்னொரு தடவ அடிச்சிக் காட்டு."

அடித்தேன். இன்வேலிட் சால்ட். கூட்டத்தில் ஒரு அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்.

"அடிச்சது திரையில தெரியலையே?"

"அது ரகசியம் பாய். காட்டாது."

"சரி, தூத்துக்குடின்னு அடி."

அடித்தேன். இன்வேலிட் சால்ட்.

"அட, தூத்துக்குடியும் செல்லாதாம்டா!" என்று ஒருவர் சந்தோஷமே பட்டுவிட்டார். வேதாரண்யம் அடித்தேன். செல்லாது. பிறகு யாரோ விளையாட்டாக ஊட்டி என்றார். அதுவும் செல்லாது.

"ஊட்டியில ஏதுண்ணா உப்பளம்?" என்றாள் கலை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது. பாய் எழுந்தார். "நாளைக்கு லாரி பாண்டிப் பக்கம் போவுது. நானே வர்றேன். பொட்டியக் குடுத்த அந்தம்மாவையே கேட்டுப்புடலாம்."

திங்கட்கிழமை, வேலைக்கான என் கடைசி இண்டர்வியூவுக்கு நான் போன கோலத்தைக் கேளுங்கள். உப்பு லாரியில், மானிட்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கூடவே அப்பா, பெட்டியைப் பிடிக்கக் கலை, கையில் ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தோடு ஜமால் பாய். பாய் அந்தப் பொட்டலத்தை மேடத்தின் மேஜை மேல் வைத்தார். "அம்மா, வாயில போட்டுப் பாத்துச் சொல்லுங்க. இதுலயா குறை?"

மேடம் பாயைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்காரும்வரை நிறுத்தவில்லை.

"பாஸ்வேர்டை அப்படியே வச்சா திருடிடுவாங்கன்னு, கூட ரெண்டு எழுத்தைக் கலந்து உருத்தெரியாம பண்ணி வைக்கும். அந்தக் கலக்குற எழுத்துக்குப் பேருதான் சால்ட். இவரு அதை அழிச்சிட்டு நேரடியா எழுதியிருக்காரு."

"அப்ப நம்ம உப்பு?" என்றார் அப்பா.

"உங்க உப்புக்கு ஒண்ணும் இல்லீங்க. தைரியமாப் போங்க."

அப்பா இரண்டு கையையும் கூப்பிவிட்டார். அந்த நிமிஷம் தரை பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஆனா முதல்ல ஏன் பாஸ்வேர்டை எடுத்துக்கல?" என்று மேடம் என்னிடம் கேட்டார். நான் விட்டத்தைப் பார்த்தேன்.

"கேப்ஸ் லாக் மேடம்," என்றாள் கலை. "போடும்போது பச்சை லைட்டு எரிஞ்சிது. அப்புறம் எரியல. அந்த எடத்துல எழுதுனதை அழிச்சி வெறுமையா விட்டுட்டு, உள்ள போய்ப் புதுசு வச்சா சரியாயிடும்னு புக்ல போட்டிருக்குது. அண்ணன் மத்தியானம் தூங்கும்போது படிச்சேன்."

"எங்க, பண்ணுங்க பாக்கலாம்."

உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷத்தில் மெஷின் உள்ளே விட்டது. மேடம் அவளிடம் கேட்ட அடுத்த கேள்வி, "என்ன படிக்கிறீங்க, பரீட்சை முடிஞ்சிடுச்சா?"

வேலை அவளுக்கு. திரும்பும்போது லாரியில் நானும் அப்பாவும் பாயும்தான். எனக்கு வயிறு எரிந்தது. உண்மையாகவே எரிந்தது. மூன்று மாதம் கலையிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளோ முதல் வாரமே அந்தத் தடிப் புத்தகத்தை மேடத்திடம் கேட்டு வாங்கி வந்து, என் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்குத்தான் நான் கொஞ்சம் மனுஷனானேன்.

இன்று கலை சென்னையில், நூற்றுக்கணக்கான சர்வர்களைக் கட்டி மேய்க்கிறாள். நான் ஜமால் பாயிடமே சேர்ந்து உப்பு லோடு அனுப்புகிறேன். அப்பா வேலையை விட்டுவிட்டார். 'லெட்டர் வந்துச்சா' என்று இப்போது கேட்பதில்லை.

போன பொங்கலுக்கு எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தோம். ரசத்தில் உப்பு இல்லை. வைத்தவன் நான். என் மகள் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "இன்வேலிட் சால்ட்!" என்றாள். கலைக்குப் புரையேறியது.

அப்பா இலையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "எதுக்கும் தூத்துக்குடின்னு அடிச்சிப் பாருடா" என்றார்.