கோட்டைக் கதவு நாலு பத்துக்குத்தான் திறக்கும்

அன்புள்ள மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. நீங்களும் வீட்டாரும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் ரத்த அழுத்தம் சௌக்கியம். மகளின் தொண்டை சௌக்கியமில்லை. உங்கள் அக்காவைப் பற்றி எனக்குத் தெரியாது, அவள் என்னோடு பேசிப் பத்தொன்பது நாளாகிறது.

இந்தக் கடிதம் இரண்டு விஷயங்களுக்காக. முதலாவது, என் பணி ஓய்வுக்கு நீங்கள் ஆசையாக அனுப்பிவைத்த விளையாட்டுப் பெட்டியைத் தனிப் பார்சலில் திருப்பி அனுப்புகிறேன், தயவுசெய்து பெற்றுக்கொள்ளவும். இரண்டாவதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குள் கோபப்பட்டுக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

பேச்சு நின்ற கதையை உங்கள் அக்கா போனில் ஏற்கெனவே சொல்லியிருப்பாள், ஆனால் அவள் பக்கத்து நியாயத்தை மட்டும் சொல்லியிருப்பாள். நான் முப்பத்தொரு வருஷம் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவன். நூற்றுப்பன்னிரண்டு வண்டிகள் என் சீட்டைப் பார்த்துத்தான் கிளம்பின. ஓய்வு பெற்று இரண்டு மாதம் வீட்டைக் கவனித்தேன், ஒரு ஒழுங்கு இல்லை. காபி ஒரு நாள் 6.40, மறுநாள் 7.05. தையல் மிஷினில் உட்கார்ந்தாள் என்றால் எப்போது எழுந்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. ஆகவே நல்லெண்ணத்தில், மூன்று நாள் மெனக்கெட்டு, காபியிலிருந்து கொடியில் துணி எடுப்பது வரை ஒரு டைம்டேபிள் போட்டு, லேமினேட் செய்து, சமையலறைக் கதவில் மாட்டினேன். எல்லா வேலையையும் அவள் தலையில் கட்டிவிட்டேன் என்று சொல்லியிருப்பாள், அது அபாண்டம். எனக்கும் வேலை போட்டிருந்தேன். 7.30 முதல் 7.50 வரை மேற்பார்வை.

அவள் அதைப் படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து எனக்கு வரும் செய்தியெல்லாம் மகள் வழியாகத்தான். "உங்க அப்பாகிட்ட சொல்லு, குளிக்கச் சுடுதண்ணி வச்சாச்சு." நானும் அங்கேயேதான் நிற்பேன், மச்சான். கைநீட்டினால் எட்டும் தூரத்தில்.

இதற்கு நடுவில் வரும் ஒன்றாம் தேதி உங்கள் ஊருக்கு டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறாள். தையல் மிஷின் டிராயரில், பாபின்களுக்கு மேல் இருக்கிறது. நான் தேடவில்லை, டிராயர் திறந்திருந்தது. போவதற்கு மட்டும் எடுத்திருக்கிறாள், திரும்பி வர இல்லை. திரும்பி வராத வண்டியை என் சர்வீஸில் நான் அனுப்பியதே கிடையாது.

இப்போது உங்கள் பெட்டிக்கு வருகிறேன். அதில் பலகை இல்லை, காய் இல்லை. ஒரு தடித்த விதிப்புத்தகமும் இருபது முகமுள்ள பகடைகளும்தான். ஏதோ பாதி சாமானை அனுப்பிவிட்டீர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். மகள்தான் அதைப் படித்துவிட்டு விளக்கினாள். ஒருவர் கதை நடத்துவார். இங்கே ஒரு காடு, அங்கே ஒரு கோட்டை என்று அவர் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்பார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடையை உருட்டுவார்கள், பெரிய எண் விழுந்தால் நடக்கும். யார் ஜெயிப்பார்கள் என்று கேட்டேன். யாரும் ஜெயிக்க மாட்டார்கள் என்றாள். அப்புறம் எதற்கு விளையாடுவது என்று கேட்டுவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விட்டேன்.

இரண்டு மாதமாக ஞாயிறுதோறும் மூன்று மணிக்குச் சாப்பாட்டு மேஜையில் இந்தக் கூத்துதான். மகள் கதை நடத்துவாள். மாடி வீட்டு ஆடிட்டர் அம்மா வருவார், எதிரில் ஆள் வந்தால் படிக்கட்டில் ஒதுங்கி நின்று மன்னிப்புக் கேட்கிற சாது. விளையாட்டில் அவர் கோடாரி தூக்கின ராட்சசி, கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டுகிறார். ஃபேன் ரிப்பேர் பார்க்க வந்த எலெக்ட்ரீஷியன் ஒரு நாள் ஸ்டூலில் நின்றபடியே கதை கேட்டு, இறங்கி வந்து உட்கார்ந்தவர்தான், இப்போது அவர் மந்திரவாதி. மின்னல் விடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் எர்த் இருக்கிறதா என்று கேட்பார். உங்கள் அக்கா திருடி. பூட்டு உடைப்பாள், சுவர் ஏறுவாள், பொய் சொல்வாள். பக்கத்து அறையில் பேப்பரைப் பிடித்துக்கொண்டு அவள் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

போன வாரம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் கத்திக் கத்தி மகளுக்குக் குரலே போய்விட்டது. பத்து நாள் வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கும் உங்கள் அக்காவுக்கும் இருந்த ஒரே தபால்காரியும் லீவில் போய்விட்டாள். அன்றைக்கே உங்கள் அக்கா மகளைப் பார்த்து, கேஸ் தீர்ந்துவிட்டது என்று உங்க அப்பாவிடம் சொல்லு என்கிறாள், அந்தப் பெண் அதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்து என்னிடம் நீட்டுகிறது. நான் பதில் சொல்ல, அதையும் எழுதி அம்மாவிடம் நீட்டுகிறது. இரண்டு நாளில் ஒரு நோட்டுப்புத்தகம் கிட்டத்தட்ட காலி. மூன்றாம் நாள் கடைசித் தாளில் பெரிய எழுத்தில் எழுதி மேஜைமேல் வைத்தாள்: "ஞாயிறு ஆட்டத்தை அப்பா நடத்தட்டும்."

வேண்டாம் என்றுதான் சொல்ல வந்தேன். ஆனால் உங்கள் அக்கா சமையலறையிலிருந்து, சுவரைப் பார்த்து, அவருக்கெல்லாம் அது வராது என்றாள். அதற்குப் பிறகு மனுஷன் சும்மா இருப்பானா?

நான்கு நாள் உட்கார்ந்து தயாரித்தேன், மச்சான். நாற்பத்தேழு பக்கம். காணாமல் போன கோட்டை மணியைக் கண்டுபிடிக்க வேண்டும், அதுதான் கதை. 3.00 மணிக்குக் கிராமத்து மைதானத்தில் புறப்பாடு. 3.20 மரப்பாலம். 3.45 காடு, ஓநாய்கள் இரண்டு. 4.10 கோட்டை வாசல், காவலாளி கதவைத் திறப்பான். 4.30 சுரங்க அறை. 4.55 மணி கிடைத்தல். 5.00 டீ. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் வரைபடம், மாற்றுப் பாதை, தாமதமானால் ஓநாயை ஒன்றாகக் குறைக்கும் ஏற்பாடு, எல்லாம் உண்டு. மகள் முழுவதையும் படித்துவிட்டு என் தலையைத் தடவிவிட்டுப் போனாள். அது பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு வந்தது. நான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, சுவர்க் கடிகாரத்துக்கு நேரெதிரில் உட்கார்ந்தேன். சரியாக மூன்றுக்குப் புறப்பாடு. மரப்பாலத்துக்கு நான் அரைப் பக்கம் வர்ணனை எழுதியிருந்தேன். ஆடிட்டர் அம்மா அதற்குக் காத்திராமல், மன்னிக்கணும் என்று சொல்லிக்கொண்டே பாலத்தைக் கோடாரியால் வெட்டி, அந்த மரத்திலேயே தெப்பம் கட்டிவிட்டார். எலெக்ட்ரீஷியன் பகடை உருட்டினார், இருபது விழுந்தது, தெப்பம் ஆற்றோடு பறந்தது. காட்டையும் காணோம், ஓநாயையும் காணோம். 3.15-க்குக் கோட்டை வாசலில் வந்து நிற்கிறார்கள்.

கதவைத் தட்டுகிறோம் என்றார்கள்.

கதவு 4.10-க்குத்தான் திறக்கும் என்றேன்.

கதையில்தானே, இப்போது 4.10 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார் எலெக்ட்ரீஷியன். அப்படியெல்லாம் வைத்துக்கொள்ள முடியாது, கடிகாரம் அங்கேதான் தொங்குகிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஐந்து நிமிஷம் அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். மகள் தலையை மேஜைமேல் கவிழ்த்துக்கொண்டாள்.

அப்போதுதான் உங்கள் அக்கா, நேராக என் முகத்தைப் பார்த்து, அந்தக் காவலாளியோடு நான் பேசுகிறேன் என்றாள்.

நாற்பத்தேழு பக்கத்தில் காவலாளிக்கு நான் கொடுத்தது ஒரு வரி. 'கதவைத் திறப்பான்.' பெயர் என்ன என்று கேட்டாள். எழுதவில்லை என்று உண்மையைச் சொன்னேன். பெயர்கூட வைக்காமல் வாசலில் நிறுத்திவிட்டீர்களா என்று ஆடிட்டர் அம்மா வருத்தப்பட்டார். அப்படியானால் இவன் பெயர் டியூட்டி என்று எலெக்ட்ரீஷியன் வைத்தார், அதுவே நிலைத்துவிட்டது. எத்தனை நாளாக இங்கே நிற்கிறாய் என்று அடுத்த கேள்வி. எனக்கு வேறு எண் எதுவும் வாயில் வரவில்லை, முப்பத்தொரு வருஷம் என்றேன்.

"உள்ள என்ன இருக்கு?"

"தெரியாது. கதவு திறக்கிற நேரம்தான் தெரியும்."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. நூற்றுப்பன்னிரண்டு வண்டிகளை அனுப்பினவன் ஒன்றில்கூடக் கடைசி நிறுத்தம் வரை போனதில்லை.

"உள்ள வான்னு யாருமே கூப்பிடலையா?"

"கூப்பிட்டாங்க. டியூட்டில இருக்கேன்னு சொல்லிட்டேன்."

உங்கள் அக்கா பகடையை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள். யார் கூப்பிட்டார்கள், எத்தனை தடவை கூப்பிட்டார்கள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"சரி, இப்ப நான் கூப்பிடறேன். வர்றியா?"

மணி 3.40. விதிப்படி டியூட்டி வாசலை விட்டு நகர்வானா என்று பகடைதான் சொல்ல வேண்டும். உருட்டினேன், இரண்டு விழுந்தது. நகர மாட்டான். உடனே ஆடிட்டர் அம்மா, பிறத்தியார் கணக்கில் ஒரு புள்ளி தவறினாலும் விடாதவர், பகடை மேஜை விரிப்பில் சாய்ந்து நின்றது, அது செல்லாது என்றார். மறுபடி உருட்டினேன், நான்கு. ஃபேன் காற்று என்றார் எலெக்ட்ரீஷியன், எழுந்து போய் ஃபேனை நிறுத்திவிட்டு வந்தார். மூன்றாம் தடவை ஒன்று. மகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள், சிரிப்பா அழுகையா தெரியவில்லை, அவளுக்குத்தான் சத்தமே வராதே. பகடை எதற்கு, அவனையே கேட்கலாம் என்று உங்கள் அக்கா சொன்னாள்.

வருகிறேன் என்றேன். டியூட்டி சொன்னான்.

அதற்குப் பிறகு என் நாற்பத்தேழு பக்கமும் குப்பை. அவர்கள் மணியைத் தேடவே இல்லை. டியூட்டிக்குக் கோட்டையைச் சுற்றிக் காட்டினார்கள். ஒவ்வொரு அறையிலும் உங்கள் அக்கா, இங்கே என்ன பார்க்கிறாய் என்று கேட்பாள், நான் ஏதாவது சொல்ல வேண்டும். சமையலறைக்குள் நுழைந்தபோது, இங்கே இவ்வளவு புகை இருக்கும் என்று தெரியாது என்றேன். ஜன்னலைத் திறக்கிறேன் என்றாள் அவள். டீ நினைவுக்கு வந்து நிமிர்ந்தபோது மணி ஆறு இருபது. முப்பத்தொரு வருஷத்தில் எனக்கு இப்படி ஆனதில்லை.

சரி, சமாதானமாகிவிட்டது என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் ஏமாந்தேன். எல்லோரும் கிளம்பிப் போனதும், உங்கள் அக்கா மகளைப் பார்த்து, டீ ஆறிப்போச்சுன்னு உங்க அப்பாகிட்ட சொல்லு என்றாள். மகள் புது நோட்டுப்புத்தகத்தைத் தேட ஆரம்பித்தாள்.

மச்சான், நீங்களே சொல்லுங்க. அந்த டியூட்டி யாரு? நான் ஒரே வரியில எழுதினவன். அவன்கிட்ட மூணு மணி நேரம் சிரிச்சுப் பேசுறா, பேரு கேக்குறா, கூப்பிட்டுக்கிட்டுப் போறா. அவனுக்குக் குரல் கொடுத்தவன் எதிர்ல உக்காந்திருக்கேன், எனக்கு ஆறின டீ. வயிறு எரியுதா இல்லையா? இனி இந்த ஆட்டத்தின் பக்கம் நான் தலைவைத்துப் படுக்க மாட்டேன். பெட்டியை அதனால்தான் திருப்பி அனுப்புகிறேன். நாற்பத்தேழு பக்கத்தையும் வீணாக்க மனமில்லாமல் அவற்றின் பின்பக்கத்திலேயே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். மறுபக்கம் ஓநாய் தெரிந்தால் பொருட்படுத்த வேண்டாம்.

இரண்டாவது விஷயம். ஒன்றாம் தேதி வருகிறவள் எப்போது திரும்புவாள் என்று, நான் கேட்டதாகச் சொல்லாமல், நீங்களே சும்மா கேட்பதுபோல் கேட்டு எழுதுங்கள். பால்காரருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது, அதற்காகத்தான். எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும், எனக்கு ஒன்றும் இல்லை. ஒரு தேதி தெரிந்தால் போதும். தேதி தெரியாமல் காத்திருந்து எனக்குப் பழக்கமில்லை.

உங்கள் வீட்டம்மாவுக்கு என் அன்பையும், பிள்ளைகளுக்கு என் ஆசிகளையும், அவர்கள் நேரத்துக்கு எழுந்திருக்கிறார்கள் என்றால் கூடுதலாக ஒரு ஆசியையும் சேர்ப்பிக்கவும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்,
டைம்கீப்பர் (ஓய்வு)

பி.கு.: இதை மடிக்கும்போது உங்கள் அக்கா வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். மகள் வீட்டில் இல்லை. "உள்ள போன டியூட்டி ஞாயித்துக்கிழமை வரைக்கும் எங்க படுப்பான்?" என்று என்னைக் கேட்டாள். என்னைத்தான், மச்சான். இன்னும் எழுதவில்லை, இன்றைக்கே எழுதிவிடுகிறேன் என்றேன். "எழுதாதீங்க, வர்றப்ப பாத்துக்கலாம்" என்றாள். ஆகவே மேலே உள்ளதில் ஓநாயைத் தவிர எதையும் நம்ப வேண்டாம். பார்சலைப் பிரித்தால் பெட்டி இருக்காது, லேமினேட் செய்த டைம்டேபிள் இருக்கும். நீங்கள் ஓய்வு பெற இன்னும் நான்கு வருஷம் இருக்கிறது, பத்திரமாகப் பரணில் போட்டு வையுங்கள். பெட்டியை நாங்களே கொண்டு வருகிறோம். ஒன்றாம் தேதி இரண்டு பேராக வருகிறோம், இன்னொரு டிக்கெட்டை அவளே எடுத்துவிட்டாள். எத்தனை மணி வண்டி என்று நான் கேட்கவில்லை.