கதவுக்குப் பின்னால் நின்றவள் எழுதுவது

ஷூர் ஆற்றங்கரை,
ஜூன் மாதம், வியாழக்கிழமை.

கொழுந்தனார் மலாக்கி அவர்களுக்கு அண்ணி ஹனோரா மரியாதையோடு எழுதிக்கொண்டது.

தேவமாதாவின் தயவால் இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். வெக்ஸ்ஃபோர்டில் மகள் வீட்டில் நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் கோழிகளுக்கு நான்தான் தீனி போடுகிறேன். உங்கள் மேல் எனக்கு ஆயிரம் இருக்கலாம், கோழிகள் மேல் ஒன்றும் கிடையாது. ஷிவானுக்கு என் அன்பைச் சொல்லவும். மருமகனுக்கும் சொல்லவும், கொஞ்சம் குறைவாகச் சொன்னால் போதும். போன கிறிஸ்துமஸுக்கு நான் கொடுத்த கேக்கை அவர் மேசைக்கு அடியில் நாய்க்குப் போட்டதை நான் பார்த்தேன்.

முறைக்குக் கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் திங்கட்கிழமை மத்தியானம் கோபித்துக்கொண்டு பஸ் ஏறினதிலிருந்து ஊரில் ஒரு பேச்சு நடக்கிறது. வலையில் விழுந்த அவ்வளவு பெரிய சால்மன் மீன், அண்ணியின் சிவப்புத் தலைமுடியால்தான் தப்பிப் போயிற்று என்று. பஸ் வரும்வரை நிறுத்தத்தில் நின்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் நீங்கள் அதைச் சொன்னதாக ஜெர் சொன்னான். உங்கள் தோணிக்குத் துடுப்புப் போடுகிறவனே சொன்னால் நான் யாரைப் போய்க் கேட்பது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் நடந்ததை நடந்தபடி ஞாபகம் வைத்திருக்கப் பள்ளிக்கூடம் தேவையில்லை. ஆகவே கேளுங்கள்.

மீன்பிடிக்கப் போகிற வழியில் சிவப்புத் தலைக்காரி எதிரே வந்துவிட்டால் அன்றைக்கு வலை நனையக்கூடாது, வந்த வழியே வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும் என்ற சட்டத்தை இந்த ஆற்றங்கரையில் யார் போட்டதோ எனக்குத் தெரியாது. அந்தத் தலையோடு உங்கள் வீட்டுக்கு வாழ வந்தவள் நான். கல்யாணத்தன்று காலையில் கடலேற்றம் இறங்கி ஆற்றுத் தண்ணீர் வடிகிற நேரம், ஆட்கள் துறைக்குப் போவார்கள் என்று சொல்லி, என்னைப் பின்பக்கத்து உருளைக்கிழங்கு வயல் வழியாகக் கோயிலுக்கு அனுப்பினீர்கள். முழங்கால் வரை சேற்றோடு பீடத்தின் முன்னால் நின்ற மணப்பெண் இந்தப் பங்கில் நான் ஒருத்திதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை நீங்கள் ஆற்றுக்குப் போகும்போதும் நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நிற்க வேண்டும். என் புருஷன் தோணி எடுக்கப் போகிறதை ஒருநாள் கண்ணால் பார்க்கக் கொடுத்துவைக்காத பெண்சாதி நான். வைக்கோல்போர் தீப்பிடித்த அன்றைக்கு உங்களைக் கூப்பிட ஓடி வந்தவள், முகத்தைக் காட்டக்கூடாதே என்று பாதி வழியில் திரும்பி, பின்னோக்கியே நடந்து வந்து, ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "போர் எரியுது" என்று சொன்னேன். அதற்கு நீங்கள் கேட்ட கேள்வி ஞாபகம் இருக்கிறதா? "அண்ணி, தலையில முக்காடு போட்டிருக்கீங்களா?" போர் முழுக்க எரிந்து முடிந்தது.

என் தலை பஞ்சாக வெளுத்து எத்தனையோ வருஷம் ஆகிறது. அதைக் கோயில் வாசலில் வைத்து உங்களிடமே காட்டினேன். "மேலதான் வெள்ளை அண்ணி, வேர் சிவப்புதானே" என்றீர்கள். அதுவும் ஞாபகம் இருக்கிறது.

இனி திங்கட்கிழமைக்கு வருகிறேன். சனி ஞாயிறு யாரும் வலை போடக்கூடாது என்பதால் திங்கட்கிழமைக் காலைத் தண்ணீருக்கு எல்லோரும் எப்படிப் பறப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு உங்கள் அண்ணன் டெக்லன் ஒரு காலைத் தோணியில் வைத்தார், மற்றக் கால் கரையிலேயே மடங்கிவிட்டது. என் மகன் கோல்ம் அப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து அடுப்படியில் உட்கார வைத்தான். "ஆள் இல்லம்மா. தண்ணி வடிய ஆரம்பிச்சாச்சு. கயிறு பிடிக்க ஆள் இல்லாம நான் துடுப்ப வச்சுக்கிட்டு என்ன பண்றது" என்று வாசலில் நின்றான். ஒரு வலைக்கு இரண்டு தோணி வேண்டும், தோணிக்குத் துடுப்புப் போட ஒருவர், வலைக்கயிறு பிடிக்க ஒருவர் வேண்டும், நாலில் ஒருவர் குறைந்தாலும் மற்ற மூன்று பேரும் கரையில் நின்று வானத்தைப் பார்க்க வேண்டியதுதான் என்பது எனக்கும் தெரியும். உங்கள் அண்ணன் தன் மழைக்கோட்டைக் கழற்றி என் மடியில் போட்டார், தொப்பியையும் போட்டார். நான் வலுவில் போய் ஏறினேன் என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போனீர்களாமே, என்னை அனுப்பியது அவர்.

நான் துறைக்கு வந்தபோது நடந்த பேச்சு இது. ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கோபத்தில் நீங்கள் என்பது நீ என்று வந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

"மலாக்கி, கண்ண மூடிக்க, அண்ணி வர்றாங்க" என்றான் ஜெர்.

"அவங்க ஏறினா நான் இறங்கிடுவேன்" என்றாய் நீ.

"இறங்கு. அங்க ஆழம் ஜாஸ்தி" என்றேன் நான்.

"சித்தப்பா, அம்மா அப்பாவோட தொப்பி போட்டிருக்காங்க. ஒரு முடிகூட வெளிய தெரியல" என்றான் கோல்ம்.

"தெரியலன்னா இல்லன்னு ஆயிடுமாடா" என்று சொல்லிவிட்டு நீ என்ன செய்தாய்? கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாய். இந்த ஆற்றில் எதிர்த் தோணிக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு வலை பிடித்த ஆளை அதுவரை யாரும் கண்டதில்லை. ஜெர் சிரிப்பை அடக்க முடியாமல் துடுப்பைத் தண்ணீரில் விட்டுவிட்டு மறுபடி எடுத்தான்.

அதற்குப் பிறகு தண்ணீர் எங்களைக் கொண்டுபோயிற்று. மலாக்கி, அப்போது என் கைக்குத் தெரிந்ததை உனக்கு எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இரண்டு தோணிக்கும் நடுவில் வலை தாழ்ந்து கிடக்கிறது, கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் எல்லாம் கைக்கு வருகிறது. அடியில் ஒரு வேர் உரசினால் வருகிறது, நீரோட்டம் திரும்பினால் வருகிறது, மறுமுனையில் நீ கையை மாற்றிப் பிடித்தால் அதுவும் வருகிறது. நீயும் உன் அண்ணனும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் உப்பைக் கொடு என்பதற்கு மேல் பேசி நான் கேட்டதில்லை. இவர்கள் என்ன அண்ணன் தம்பி என்று நினைத்திருக்கிறேன். அன்றைக்குத்தான் தெரிந்தது, நீங்கள் பேசினதெல்லாம் அந்தக் கயிற்றில்தான்.

அந்த நேரத்தில் மீன் வந்து இடித்தது. கை தோளைவிட்டுக் கழன்றுவிட்டது போல இருந்தது. "இழு" என்றேன். இரண்டு முனையும் ஒரே மூச்சில் இழுத்தால்தான் வலை பையாக மூடும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, கையே சொன்னது. நான் இழுத்தேன். நீ? முதுகைக் காட்டி உட்கார்ந்தவன் திரும்ப வேண்டும், திரும்பினால் என் முகம் தெரியும், அதற்கு முன்னால் சிலுவை போட வேண்டும், சிலுவை போட ஒரு கை வேண்டும். அந்தக் கை கயிற்றில் இருந்த கை. நீ நெற்றியிலிருந்து நெஞ்சுக்கு வருவதற்குள் உன் பக்கத்து வலை தொங்கிவிட்டது. அந்த மீன் தண்ணீருக்கு மேலே ஒரு தரம் பக்கவாட்டில் புரண்டு எங்கள் நாலு பேரையும் பார்த்துவிட்டுத்தான் போயிற்று.

"அது மீனே இல்ல, பாதிரியாரோட கன்னுக்குட்டி" என்றான் ஜெர்.

நீ சொன்னது ஒரே ஒரு சொல். "சொன்னேனே."

என்ன சொன்னாய்? மீன் போனது என் தலையாலா, உன் கையாலா? இதை ஷிவானிடம் கேள். அவளுக்கு அறிவு உண்டு, கல்யாண விஷயத்தில்தான் கொஞ்சம் தவறிவிட்டது.

வீட்டுக்கு வந்து உன் அண்ணனிடம் சொன்னேன். "முதுகக் காட்டிக்கிட்டா உக்காந்திருந்தான்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். நீ பஸ் ஏறிவிட்டாய் என்று தெரிந்த பிறகு சிரிக்கவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மீன் பருவம் முடிகிற ஆகஸ்டோடு தோணியை மறந்துவிட வேண்டும், இந்த முழங்கால் இன்னொரு வருஷம் தாங்காது என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பன்றி இறைச்சியும் முட்டைக்கோசும் வைத்தால் முட்டைக்கோசை மட்டும் தள்ளித் தள்ளி வைக்கிறார். ஜெர் தன் மச்சானை உன் இடத்துக்குக் கூட்டிவருகிறேன் என்றான். "நல்ல பையன்தான். என் கயிறு அவனுக்குப் புரியாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். இப்போது ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கிழியாத வலையைத் தைத்துக்கொண்டிருக்கிறார்.

உன்னை வரச்சொல்லி நான் இதை எழுதவில்லை. அவருக்குக் கெஞ்சத் தெரியாது, எனக்கும் தெரியாது. நடந்தது என்ன என்று உன் காதில் போட்டுவைக்கத்தான் எழுதினேன். ஒன்று மட்டும் திட்டமாகச் சொல்கிறேன். அந்தக் கதவுக்குப் பின்னால் நான் இனி ஒருநாளும் நிற்கப் போவதில்லை. வாசலில் நாற்காலி போட்டு, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு உட்காரப் போகிறேன். உனக்கு அது பொறுக்காது என்றால் வெக்ஸ்ஃபோர்டிலேயே இருந்துகொள், கோழிகளை நான் எடுத்துக்கொள்கிறேன்.

உன் ஆத்துமாவுக்கும் உன் மூட்டுகளுக்கும் தேவமாதா துணையிருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
உன் அண்ணன் பெண்சாதி,
ஹனோரா.

பின்குறிப்பு: வருகிற திங்கட்கிழமை தண்ணீர் விடிந்ததும் வடிய ஆரம்பிக்கும். உன் அண்ணனைக் கோல்ம் தூக்கித் தோணியில் உட்கார வைப்பான். உட்கார்ந்து கயிறு பிடிக்க முழங்கால் வேண்டியதில்லை. மேலே நான் என்ன எழுதியிருந்தாலும், கதவு சாத்தியிருக்கும், நான் பின்னால்தான் நிற்பேன். அந்தக் கதவில் என் கண் உயரத்துக்கு ஒரு விரிசல் இருக்கிறது, மலாக்கி. கல்யாணமான வாரத்திலிருந்து நீங்கள் துறைக்குப் போனதையெல்லாம் அதில்தான் பார்த்து வருகிறேன். வலை கிழிகிற அளவுக்கு மீன் விழுந்ததே ஒரு வசந்தத்தில், அந்த நாட்களில் ஒன்றுகூட விடாமல் பார்த்தேன். வருஷா வருஷம் கதவுக்கு வண்ணம் அடிக்கும்போது உன் அண்ணன் அந்த விரிசலை மட்டும் அடைக்காமல் விட்டுவிட்டு அடிப்பார். ஏன் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. நீ வந்து சேர். போகும்போது கதவுப் பக்கம் பார்க்க வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்.