முந்நூற்றுப் பன்னிரண்டு முழம்

குப்புராஜின் இடுப்பில் நூலைக் கட்டி முடிப்பதற்குள் ஆதிகேசவனுக்கு வேர்த்து விறுவிறுத்துப் போய்விட்டது.

"கூச்சமா கீது மொதலாளி" என்று நெளிந்தான் குப்புராஜ். "நான் இன்னா சந்த மாடா, கயிறு கட்டி இஸ்துகினு போறதுக்கு?"

"கயிறு இல்லய்யா, நூலு. நீ பாட்டுக்கு வேலய செய். நீ போற எடத்துக்கெல்லாம் நூலும் வரும். சாயங்காலம் அத்த அளந்தா எவ்ளோ நட வீணாப் போவுதுன்னு தெரிஞ்சிடும்."

மணவாள நகர் ரோட்டில் ஆதிகேசவன் பட்டறை என்றால் திருவள்ளூர் சுற்றுவட்டாரத்து விவசாயிகளுக்கு நன்றாகத் தெரியும். மாடு கட்டிக் கிணற்றிலிருந்து கவலை இறைக்கிற இரும்புச் சால் செய்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கிணற்றின் வாய் அகலம், ஆழம், இழுக்கிற மாட்டின் தெம்பு மூன்றையும் கேட்டுக்கொண்டுதான் தகட்டில் கை வைப்பார். அவர் அடித்த சாலில் ஒரு சொட்டு ஒழுகியது என்று எவனும் சொன்னதில்லை. இதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்று சொன்னது மரியாதைக்காக.

போன வாரம் சென்னையில் சிறுதொழில்காரர்களுக்கு மூன்று நாள் வகுப்பு நடந்தது. ஒரு பட்டறையில் வேலை எங்கே ஆரம்பித்து எங்கெல்லாம் சுற்றி எங்கே முடிகிறது என்று மேப்புப் போட்டு, வீண் அலைச்சலைக் குறைப்பது எப்படி என்று அதிகாரி தானியேல் சொல்லிக் கொடுத்தார். ஆதிகேசவன் முதல் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார். முடிவில் தானியேல் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "இருபதாம் தேதி உங்க பட்டறைக்கு வர்றேன். மேப்புப்படி வேலை செஞ்சு, கையிலே இருக்கிற ஆர்டரை முடிச்சிருந்தா, இலாகா கொடுக்கிற டிரில்லிங் மிஷின் உங்களுக்குத்தான்" என்றார்.

கரண்டில் ஓடும் மிஷின்! அந்த ரோட்டில் யாரிடமும் இல்லாத மிஷின்! கையில் இருந்த ஆர்டரோ பண்ணையார் பூவராகவனின் பன்னிரண்டு சால். சொர்ணவாரி நடவுக்கு முன்னால் பன்னிரண்டு கிணற்றுக்கும் போயாக வேண்டும். பன்னிரண்டும் பன்னிரண்டு அளவு.

தானியேல் வகுப்பில் நூலைக் காகிதத்தின் மேல் குண்டூசி குத்தித்தான் ஓட்டிக் காட்டினார். ஆதிகேசவனுக்கு அது போதவில்லை. காகிதம் பொய் சொல்லலாம், குப்புராஜின் இடுப்பு பொய் சொல்லாது என்று முடிவு கட்டிவிட்டார்.

மத்தியானத்துக்குள் பட்டறை முழுக்க நூல் பின்னிக் கிடந்தது. ரிவிட்டு அடிக்கிற நூர் அகமது அதில் கால் தடுக்கி, பாதி முடிந்த சாலோடு குப்புற விழுந்தான். சால் நசுங்கியது.

"இன்னா மொதலாளி பேஜாரு இது?" என்று முட்டியைத் தேய்த்தான் நூர் அகமது.

ஆதிகேசவன் காதில் அது விழவில்லை. நூலைக் கையால் அளந்துகொண்டிருந்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு முழம்.

"பாத்தியா குப்புராஜு! பாதி சால் முடியறதுக்குள்ள முந்நூத்திப் பன்னெண்டு மொழம் நடக்குற!"

"நடந்தாத்தான மொதலாளி சோறு செரிக்குது?"

மறுநாள் உலை, பட்டறைக்கல், தகடு வெட்டும் பலகை மூன்றையும் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் வைக்கச் சொன்னார். நடை நூற்று நாற்பது முழமாகக் குறைந்தது. ஆனால் குப்புராஜ் சம்மட்டியை ஓங்கியபோது அது பின்னால் இருந்த துருத்தியில் பட்டு, துருத்தி கிழிந்தது. அதைத் தைக்க ஒன்றரை நாள் ஆயிற்று.

"அப்போ ஆளு நகரக்கூடாது. பொருளுதான் நகரணும்" என்று ஆதிகேசவன் தரையில் சுண்ணாம்பால் இரண்டு வட்டம் போட்டார். குப்புராஜ் ஒன்றில், நூர் அகமது மற்றொன்றில். வட்டத்தை விட்டு வெளியே கால் வைக்கக்கூடாது. பழுக்கக் காய்ந்த ரிவிட்டைக் குப்புராஜ் இடுக்கியால் வீசுவான், நூர் அகமது தன் இடுக்கியில் பிடிப்பான். முதல் மூன்றைப் பிடித்துவிட்டான். நாலாவது, மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த ஆதிகேசவனின் வேட்டிக்குள் போனது.

அன்று அந்தப் பட்டறையில் அதிக தூரம் ஓடியவர் முதலாளிதான். அந்த ஓட்டத்தை அவர் மேப்பில் சேர்க்கவில்லை.

அடுத்தது தகடு. ஒவ்வொரு சாலுக்கும் தனித்தனியாக அளந்து வெட்டுவதே வீண் வேலை என்று அவருக்குத் தோன்றிவிட்டது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வெட்டச் சொன்னார். அவசரத்தில் முதல் கிணற்றின் அளவிலேயே ஐந்து தகடு விழுந்தபிறகுதான் குப்புராஜ் நிமிர்ந்தான்.

"மொதலாளி, மத்த கெணத்துக்கெல்லாம் அளவு வேறயாச்சே?"

ஆதிகேசவன் தலையில் கை வைத்துக்கொண்டார். இத்தனை வருஷத் தொழிலில் அப்படி ஒரு தப்பு அவர் செய்ததில்லை. மறுபடி தகடு வாங்கிவர ஒரு நாள் போயிற்று.

பதினாறாம் தேதி சாயங்காலம் கணக்குப் பார்த்தார். நடை பத்தொன்பது முழம். முடிந்த சால் ஒன்று. அதுவும் ஒழுகியது.

அந்தச் சாலை அவசரமாக மூலையில் கவிழ்த்து வைத்தார். மிஷின் போனாலும் போகட்டும்; ஆதிகேசவன் பட்டறைச் சால் ஒழுகுகிறது என்று பூவராகவன் ஊரெல்லாம் சொன்னால்?

குப்புராஜும் நூர் அகமதுவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மொதலாளி" என்றான் குப்புராஜ் மெதுவாக. "மேப்பு நல்ல மேப்புதான். நீங்க பாத்துக்கினே நின்னா எங்களுக்குக் கை ஓட மாட்டேங்குது. முன் ரூம்ல குந்திக்கினு, கதவ சாத்திக்கினு, தொர வந்தா காட்டறதுக்கு மேப்ப அழகா எழுதுங்க. மூணு நாளு இந்தப் பக்கம் வராதீங்க."

"பாக்குறவன் நின்னா செய்யறவனுக்குக் கை கூசும்னு தானியேல் சாரும் சொன்னாரு" என்று ஆதிகேசவன் உடனே ஒப்புக்கொண்டார்.

மூன்று நாளும் முன் அறையில் உட்கார்ந்து சிவப்பு மை, பச்சை மை, நீல மை தொட்டு மேப்பு எழுதினார். உள்ளேயிருந்து சம்மட்டிச் சத்தம் நிற்காமல் கேட்டது. கொஞ்சம் தள்ளிக் கேட்கிற மாதிரி இருந்தது. அலைச்சல் குறைந்தால் சத்தம்கூட அடங்கித்தான் ஒலிக்கும் என்று நினைத்துக்கொண்டார். நினைத்ததோடு நிற்காமல் மேப்பின் ஓரத்தில் எழுதியும் வைத்தார்.

இருபதாம் தேதி காலையில் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பன்னிரண்டு சால், வரிசையாக! பன்னிரண்டும் பன்னிரண்டு அளவு. ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. அடியில் கொஞ்சம் வைக்கோல் ஒட்டியிருந்தது. கீறல் விழாமல் இருக்கப் பரப்பியிருக்கிறார்கள் என்று மெச்சிக்கொண்டார். கரி மூட்டையைப் பார்த்தார். ஒரு கூடைகூடக் குறையவில்லை! பச்சை மையில், 'கரிச் செலவு: இல்லை' என்று எழுதினார்.

"எப்டிய்யா இது?" என்று கேட்டபோது அவருக்குக் கண் கலங்கியது.

"எல்லாம் உங்க மேப்புதான் மொதலாளி" என்று நூர் அகமது தரையைப் பார்த்துச் சொன்னான்.

தானியேல் பத்து மணி ரயிலில் வந்தார். சால்களைத் தட்டிப் பார்த்தார். மேப்பைப் படித்தார். கரி என்ற இடத்தில் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"மிஸ்டர் ஆதிகேசவன், நான் இருபது பட்டறைக்குப் பாடம் நடத்தியிருக்கேன். இப்படி யாரும் செஞ்சு காட்டினதில்லை. நீங்க அடுத்த வகுப்புக்கு வந்து பேசணும்."

ஆதிகேசவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்பேர்ப்பட்ட பெருமை அவருக்குக் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை. ஒழுகாத சாலும் அவருடையது, பத்தொன்பது முழமும் அவருடையது. இரண்டு கையும் தூக்கிக் கும்பிட்டார்.

தானியேல் பேனாவைத் திறந்து பாரத்தில் கையெழுத்துப் போட்டார். "மிஷின் அடுத்த வாரம் லாரியிலே வரும். எந்த இடத்திலே இறக்கணும்னு சொல்லுங்க, குறிச்சுக்கறேன்."

ஆதிகேசவன் உலைக்குப் பக்கத்தில், தான் போட்ட சுண்ணாம்பு வட்டம் ஒன்றின் நட்டநடுவில் போய் நின்று, "இங்க சார்!" என்றார்.

அந்த நேரம் பார்த்துப் பின்கதவைத் தள்ளிக்கொண்டு, பின்வீட்டில் நாலு எருமை வைத்துப் பால் கறக்கும் குப்பம்மாள் தலையை நீட்டினாள். குப்புராஜ் வேண்டாம் என்று கையை ஆட்டினான். அவள் கவனிக்கவில்லை. அதிகாரியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள்.

"அங்க இன்னாத்துக்கு தொர எறக்குறீங்க? என் எரும கொட்டாயிலயே எறக்கிடச் சொல்லுங்க. மூணு நாளா பட்டறயே அங்கதான், என் வறட்டியில எரிஞ்சுக்கினு கீது!"