காஸ் பாஸ் ஆகவில்லை

"காஸ் பாஸ் ஹுவா க்யா?" காஸ் பாஸ் ஆச்சா என்று மூன்றாம் நாள் காலையிலும் சிஸ்டர் இந்தியில் அதையே கேட்டார்.

"நஹி சிஸ்டர்" என்று தாவீது வருத்தத்தோடு இல்லையெனத் தலையாட்டினார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி இருதயமேரி சிலுவை போட்டுக்கொண்டாள்.

தாவீதின் சிறுகுடலில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. அதனால் குடலுக்குள் குடல் சொருகி, வழியே அடைத்துக்கொண்டது. செம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் அவசரமாக ஆபரேஷன் ஆனது. புற்று இல்லை, வெறும் கொழுப்புக் கட்டிதான், வயது வந்தவர்களுக்கு இது அபூர்வம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மேரிக்குப் போன உயிர் திரும்பியது. கூடவே வாயும் திரும்பியது.

"உங்களுக்குக் கொழுப்புன்னு கல்யாணமான அன்னைக்கே எனக்குத் தெரியும்."

"சிரிக்க வைக்காதட்டி, தையல் இழுக்கு" என்றார் தாவீது.

ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு வயிற்றுக் காற்று பிரிந்தால்தான் வாயில் தண்ணீர் ஊற்றலாம். இன்று சாயங்காலத்துக்குள் பிரியாவிட்டால் மறுபடி ஸ்கேன், தேவைப்பட்டால் மறுபடி கத்தி என்று டாக்டர் மேரியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். பயந்துவிடுவாரே என்று அவள் கணவரிடம் மூச்சு விடவில்லை.

முதலில் அவரை நடக்க வைத்தாள். நாலாவது சுற்றில் தலை சுற்றி, வீல்சேரில் கொண்டுவந்து போட்டார்கள். சிஸ்டரிடம் நல்ல திட்டு.

பிறகு கோயில் வாட்ஸ்அப் குழுவுக்குக் குரல் செய்தி அனுப்பினாள். பச்சையாகச் சொல்ல வெட்கம்.

"அவுகளுக்கு மூணு நாளா காஸ் வரல. வரணும்னு எல்லாரும் ஜெபிச்சுக்கோங்க."

ஒரு மணி நேரத்தில் ஆஸ்பத்திரி கேட்டில் ஒரே விசில் சத்தம். மேரி எட்டிப் பார்த்தால், கோயில் பாடகர் குழுவில் பாடும் ஏஞ்சலோ, தாராவியிலிருந்து ஸ்கூட்டரில் முழு சிலிண்டரோடு வந்து நிற்கிறான். வாட்ச்மேன் அவன் காலரைப் பிடித்திருந்தார். மேரி ஓடினாள்.

"உனக்கு அறிவிருக்காடே? ஆஸ்பத்திரிக்கா சிலிண்டர் கொண்டாருவ?"

"நீங்கதானக்கா காஸ் வரலன்னீங்க! புது கனெக்‌ஷன் இன்னும் கிடைக்கலன்னு அண்ணனும் பொலம்பிக்கிட்டு இருந்தாருல்லா?"

"சிலிண்டர் இல்லடே, வயித்துக் காஸ்!"

கேட்டில் நின்ற கூட்டமே சிரித்தது. ஏஞ்சலோ பொறுப்பாகக் குழுவில் திருத்தம் போட்டான். அதோடு விட்டதா? நாலு மணிக்குள் ஓமத் தண்ணீர், இஞ்சிச் சாறு, சோடா என்று ஆளுக்கொரு பாட்டிலோடு ஆறு பேர் வார்டுக்குள் வந்துவிட்டார்கள். தாவீது ஒன்றும் புரியாமல் எல்லாரையும் பார்த்துச் சிரித்தார்.

சோடாவைப் பார்த்த சிஸ்டர் டாக்டரையே அழைத்து வந்துவிட்டார். டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது.

"இனி காத்திருக்க முடியாது. ஸ்கேனுக்கு ரெடி பண்ணுங்க."

மேரி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். "இன்னொருக்கா கத்தி வச்சா இவுக உடம்பு தாங்குமா டாக்டர்? காஸ் பிரியலங்கதுக்காக வயித்தக் கிழிப்பாங்களா?"

பக்கத்துக் கட்டிலில், பித்தப்பைக் கல் எடுத்துவிட்டு மத்தியானம் முழுக்கத் தூங்கிய சிராஜ், அந்த அழுகையில்தான் கண்விழித்தார்.

"அழாதீக அக்கா, அது நேத்தே பிரிஞ்சாச்சு, நான் மூக்கப் பொத்திக்கிட்டுல்லா கெடந்தேன்! அண்ணன்தான், 'எம்புட்டு நல்ல ஆஸ்பத்திரி, நம்ம வீட்டு காஸ் கனெக்‌ஷன் பாஸ் ஆச்சான்னு வேளைக்கு வேளை விசாரிக்காங்க'ன்னு எங்கிட்டப் பெருமையாச் சொல்லிக்கிட்டு இருந்தாரு!"