கொடி கண்ட இடமெல்லாம் எண்ணெய்

ஊர் முழுக்க ஒரே பேச்சு. காலுக்கடியில் எண்ணெய் ஓடுகிறதாம். சொன்னவர் எண்ணெய் ஞானி. கையில் செம்புக் கம்பியோடு நடப்பார். எண்ணெய் இருக்கும் இடத்தில் கம்பி தலை குனியும். குனிந்த இடத்தை அவருடைய மைத்துனர் மனை போட்டு விற்பார். ஞானிக்கும் குடும்பம் உண்டல்லவா!

ஊரைச் சுற்றியிருந்த வண்டல் படுகையில் எண்ணெயோ எரிவாயுவோ உண்டா என்று ஓர் ஆய்வுக் குழு பார்த்துக்கொண்டிருந்தது. பூமிக்குள் அதிர்வை அனுப்பி, திரும்பி வருவதைக் கருவியில் பதிவு செய்யும் வேலை. கருவி வைக்க வேண்டிய இடங்களில் சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். ஞானியின் கம்பி ஒவ்வொரு கொடியருகிலும் தவறாமல் குனிந்தது. கூட்டம் வாயைப் பிளந்தது.

ஊர்த் தையற்காரர் ஒருவர் தன் கடையை விற்று மனை வாங்கக் கிளம்பிவிட்டார். சோறு போடும் கடை போகிறதே என்று மனைவி அழுதாள். அவளுடைய தங்கை அந்த ஆய்வுக் குழுவில் நிலவியலாளர்.

"அத்தான், கொடிக்குக் கீழ எண்ணெய்னு யார் சொன்னா? சம தூரத்துல அளந்து நட்டது அது."

"கம்பி குனியுதே?"

"கொடியைப் பார்த்துக் குனியுது. நாளைக்குக் காட்டறேன். அதுவரைக்கும் கடையில கை வைக்காதீங்க."

மறுநாள் காலை அவள் பள்ளிக்கூடத்தின் பின்புறம் ஒரு கொடி நட்டு, அங்கே வரும்படி ஞானியை அழைத்தாள். கூட்டமும் பின்னால் வந்தது. வழியில் பெட்ரோல் பங்க். நிலத்தடித் தொட்டி நிறையப் பெட்ரோல். அதன் மேலேயே ஞானி நடந்தார். கம்பி அசையவில்லை. பள்ளிக்கூடத்துக் கொடியைக் கண்டதும் தரையைத் தொட்டது.

"இங்க கடலே இருக்கு" என்றார் ஞானி.

அவள் காலால் மண்ணைத் தள்ளினாள். சிமெண்ட் மூடி தெரிந்தது.

"கக்கூஸ் தொட்டிங்க. கொடியை நான்தான் காலையில நட்டேன்."

தையற்காரருக்கு அப்போதுதான் சுருக்கென்றது. "பங்க் தொட்டி மேல நடந்தீங்களே, அப்ப கம்பி தூங்குச்சா?"

ஞானி மைத்துனரைத் தேடினார். அவர் எப்போதோ கம்பி நீட்டிவிட்டார்.

"அப்ப எண்ணெய் இருக்கா, இல்லையா?" என்றது கூட்டம்.

"இருக்கலாம். துளை போட்டுப் பார்த்தாத்தான் தெரியும்."

"படிச்சவளுக்கே தெரியலையாம்" என்று ஒருவர் உதட்டைப் பிதுக்கினார்.

தெரியாததைத் தெரியாது என்பவளிடம் உதட்டைப் பிதுக்குவோம். எல்லாம் தெரியும் என்பவனிடம் கடையையே கொடுப்போம். பூமிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கக் கோடிக்கணக்கில் செலவாகும். சொந்தத் தலைக்குள் இருப்பதைப் பயன்படுத்திப் பாருங்கள் ஐயா, அதற்குக் காசே வேண்டாம்.