ரிவோல்வர் அண்ணையின் பாஸ்போர்ட்

துவக்கைக் கண்டால் ஓடுகிறவர்கள் உண்டு, எடுத்துச் சுடுகிறவர்களும் உண்டு. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இந்த ஆணி பிறகு மாத்தினது" என்று சொல்லும் ஒரே யாழ்ப்பாணத்தான் உலகத்திலேயே எங்கள் ரிவோல்வர் அண்ணைதான்.

சுவிஸில், ஓஸ்டர்முண்டிகனில் எங்களுக்கு மேல்மாடியில் குடியிருந்தார். லிஃப்ட் மெக்கானிக். சனிக்கிழமை வந்தால் பழந்துவக்குச் சந்தையில்தான் நிற்பார். சேகரிக்கிறவர்கள் தங்கள் கிழட்டு ரிவோல்வர்களை அவரிடம் நீட்டுவார்கள். அந்தக் காலத்துத் தொழிற்சாலைக்காரன் சும்மா இருந்ததில்லை. விசையின் வளைவு, சிலிண்டரின் பள்ளம், கைப்பிடி மரமா ரப்பரா என்று ஓயாமல் எதையாவது மாற்றியிருக்கிறான். அதை வைத்தும், சட்டகத்திலும் உள்துண்டுகளிலும் அடித்திருக்கும் நம்பர் பொருந்துகிறதா என்று பார்த்தும் எந்தத் துண்டு எந்தக் காலத்தது என்று அண்ணை சொல்லிவிடுவார். சொந்தமாக ஒரு ரிவோல்வர்கூடக் கிடையாது. "ஒண்டு வீட்டுக்குள்ளை வந்தால் நான் வெளியிலை" என்று மனைவி பவளமக்கா முடிவாகச் சொல்லியிருந்தார்.

பழக்கம் சந்தையோடு நிற்கவில்லை. ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளையை உற்றுப் பார்த்துவிட்டு, "சட்டகம் பழசு, தலைமயிர் புது மொடல்" என்றார். மாப்பிள்ளையின் தாய் பின்னால்தான் நின்றார். அதற்குப் பிறகு அந்த வீட்டுக் கொண்டாட்டம் எதற்கும் எங்களுக்கும் அழைப்பு வருவதில்லை.

இந்த மனிதரைத்தான் சுவிஸ் குடியுரிமை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். பவளமக்காவின் தங்கை கனடாவில் படுத்த படுக்கை. இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு விசா தரமாட்டேன் என்றது கனடா. சுவிஸின் சிவப்புப் பாஸ்போர்ட் கிடைத்தால் போய்ப் பார்த்துவிடலாம். இருவருக்கும் ஒரே விண்ணப்பம். அண்ணை சறுக்கினால் அக்காவும் சேர்ந்து சறுக்குவார்.

இதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பொழுதுபோக்கு என்ன என்று கேட்டால் எல்லோரும் "வான்டர்ன்" என்பார்கள். மலைநடை. பஸ் தரிப்பு வரைக்கும் நடக்கச் சலிக்கிற சனமும் அதையேதான் சொல்லும்.

"வான்டர்ன் எண்டு மட்டும் சொல்லுங்கோ. துவக்கு எண்ட சொல்லே வாயிலை வரக்கூடாது," என்றார் அக்கா, என் காரில் இருந்தபடி.

"ஓம்," என்றார் அண்ணை.

அந்த ஓமை நான் நம்பவில்லை. அவர்கள் உள்ளே போனதும் வாசல் வாங்கில் இருந்தேன். ஒரு பொலிஸ் கார் வந்து நின்றது. முடிந்தது கதை என்று எழுந்துவிட்டேன். பொலிஸ்காரர் இறங்கி எதிர்க்கடையில் சான்ட்விச் வாங்கிக்கொண்டு போனார்.

பவளமக்கா வெளிறிப்போய் வெளியே வந்தார். பின்னால் அண்ணை, குளித்துவிட்டு வருகிறவர் மாதிரி நிம்மதியாக.

"என்னக்கா நடந்தது?"

"வான்டர்ன் எண்டார். கடைசியாய் எங்கை நடந்தனீங்கள் எண்டு கேட்டினம். ஸ்டேசனிலையிருந்து துவக்குச் சந்தைக்கு எண்டு சொல்லுது இந்த மனிசன்."

"வேறை எங்கையும் நான் நடக்கேல்லையே," என்றார் அண்ணை.

பிறகு அரைவாசி நேரம் ரிவோல்வர் கதைதானாம். கடைசியில் நேர்முகக் குழுவின் தலைவி கேட்டாராம், உங்களைச் சுவிஸ்காரன் என்று நினைக்கிறீர்களா என்று.

"அதுக்கு என்ன சொன்னனீங்கள் அண்ணை?"

"உள்ளதைத்தான் சொன்னன். சட்டகம் யாழ்ப்பாணம். உள்துண்டு கனக்க இஞ்சை மாத்தினது. நம்பர் பொருந்தாது, சேகரிக்கிறவன் விலையைக் குறைப்பான். ஆனால் நல்லா வேலை செய்யும்."

"ஒருத்தரும் சிரிக்கேல்லை," என்று சொல்லி அக்கா அழத் தொடங்கினார்.

முடிவு வரும்வரை அக்கா அவரோடு கதைக்கவில்லை. கனடாவிலிருந்து போன் வரும்போதெல்லாம் மேல்மாடியில் யாரோ ஓடும் சத்தம் கேட்கும். ஒரு பொய், ஒரேயொரு பொய் சொல்லியிருக்கக்கூடாதா என்று மனதுக்குள் அவரைத் திட்டித் தீர்த்தேன்.

கிடைத்துவிட்டது. பாஸ்போர்ட் கைக்கு வந்த கையோடு இருவரும் பறந்தார்கள். அங்கிருந்து அக்கா ஒரு படம் அனுப்பியிருந்தார். தங்கையும் அக்காவும் கட்டிலில் கைகோத்தபடி சிரிக்கிறார்கள். ஓரத்தில் அண்ணை குனிந்து, அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஆணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அவர்கள் திரும்பி வரும்வரை மேல்மாடி அமைதியாகக் கிடந்தது. அந்த அமைதி எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.